தெருப்படத்துக்கு ஃபிலிம் கேமரா: எந்த பாடியை வாங்குவது?

கேள்வி: மூன்று ஆண்டுகளாக டிஜிட்டலில் தெருப்படங்கள் எடுத்துவருகிறேன். இனி கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு மாறலாம் என்று இருக்கிறேன். மயிலாப்பூர், சவுகார்பேட்டை, காசிமேடு பக்கம்தான் அதிகம் சுற்றுவேன், பெரும்பாலும் பகலில். மூக்குக்கண்ணாடி போடுபவன். லென்ஸோடு சேர்த்து 30,000 ரூபாய் செலவழிக்க முடியும். தெருவுக்கு ரேஞ்ச்ஃபைண்டர்தான் (தனிச் சன்னல் வழியாகப் பார்ப்பது) சரி, எஸ்.எல்.ஆர். (உள்ளே உள்ள கண்ணாடியால் லென்ஸ் வழியாகவே பார்ப்பது) சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும் என்கிறார்கள். கண்ணில் பட்டவை எஸ்.எல்.ஆர். வகையில் நிக்கான் எஃப்எம், கேனன் ஏஇ-1; ரேஞ்ச்ஃபைண்டர் வகையில் கேனோனெட், யாஷிகா எலக்ட்ரோ. எதை எடுக்கலாம்? வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: நிக்கான் எஃப்எம் பாடியும் 35 மி.மீ. லென்ஸும் வாங்குங்கள். எஃப்எம் நல்ல நிலையில் கிடைக்காவிட்டால் அதே நிக்கானின் எஃப்இ. இரண்டும் அமையவில்லை என்றால் கேனோனெட் க்யூஎல்17 ஜி-3. மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள்.

முதலில் அந்தச் சத்தக் கதையை முடித்துவிடுவோம். ரேஞ்ச்ஃபைண்டரின் ஷட்டர் மெல்லத்தான் ஒலிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆட்டோவும் தண்ணீர் லாரியும் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் சவுகார்பேட்டையில் எஃப்எம்மின் 'கிளாக்' யார் காதிலும் விழாது. கோயில் பிராகாரம், நூலகம், ஏ.சி. ரயில் பெட்டி போன்ற இடங்களே உங்கள் களம் என்றால் அந்த வாதத்துக்கு மதிப்பு உண்டு. தெருவில் உங்களைக் காட்டிக்கொடுப்பது, கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டு நிற்கும் அந்த மூன்று நான்கு நொடிதான். அதை ஒழிக்க விலை உயர்ந்த பாடி தேவையில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே வைத்துவிட்டு, கண்ணுக்கு உயர்த்தியதும் அழுத்தினால் போதும். ஆக, பாடியிடம் கேட்க வேண்டியவை மூன்று: நம் வெயிலுக்குப் போதுமான ஷட்டர் வேகம், கையால் தடவியே மாற்றக்கூடிய டயல்கள், பழுதானால் திறந்து சரிசெய்யக்கூடிய உள்ளமைப்பு.

வெயில் கணக்கைப் பாருங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 400 ஃபிலிமுக்கு உச்சி வெயிலில் அபெர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, எஃப் 16; ஷட்டர் 1/500 நொடி. எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். கேனோனெட், எலக்ட்ரோ இரண்டிலும் உச்ச வேகமே 1/500. அதாவது சென்னைப் பகலில் அவை ஒரே ஒரு புள்ளியில் சிக்கிக்கொள்ளும். எஃப்எம்மில் 1/1000 இருப்பதால் எஃப் 11-க்கு இறங்கலாம். எஃப்எம்2-வில் 1/4000 வரை உண்டு, எஃப் 5.6-கூட வைக்கலாம். ஆனால் அதன் விலை உங்கள் பட்ஜெட்டை விழுங்கிவிடும். தெருப்படத்துக்குப் பின்னணியை மங்கடிக்கும் அவசியமும் அதிகம் இல்லை.

இப்போது 35 மி.மீ. லென்ஸை எஃப் 11-இல் வைத்து, ஃபோகஸை 2.5 மீட்டரில் நிறுத்துங்கள். சுமார் 1.5 மீட்டரிலிருந்து 7.5 மீட்டர் வரை எல்லாமே ஏற்கத்தக்க தெளிவில் விழும். ஃபோகஸ் வளையத்தை அதற்குமேல் தொட வேண்டாம். 50 மி.மீ. லென்ஸில் இதே அமைப்பு 1.9 மீட்டரிலிருந்து 3.7 வரை மட்டுமே தரும். எதிரே வருபவர் இரண்டு எட்டு வைப்பதற்குள் அந்த எல்லையைத் தாண்டிவிடுவார். கடைக்காரர் 50 மி.மீ. லென்ஸை இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தாலும் 35-ஐத் தனியாக வாங்கச் சொல்வது இதனால்தான். நிக்கானின் சீரிஸ் ஈ வரிசையில் வந்த 35 மி.மீ. எஃப் 2.5 எடை குறைவு, விலையும் அடக்கம். அதைப் பழையவர்கள் பிளாஸ்டிக் என்று இகழ்வார்கள். எஃப் 8, எஃப் 11-இல் அந்த இகழ்ச்சி நெகட்டிவில் தெரியாது.

வெயிலிலிருந்து மாட வீதியின் நிழல் பக்கத்துக்கு நகர்ந்தால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பாதியாக) குறையும். எஃப்எம்மில் ஷட்டர் டயலை இரண்டு கிளிக் (1000, 500, 250), அபெர்ச்சர் வளையத்தை இரண்டு கிளிக் (11, 8, 5.6) திருப்பினால் கணக்கு சரி. நிக்கான் லென்ஸின் வளையம் முழு ஸ்டாப்பாகக் 'கிளிக்' ஆவதால் கேமராவை இடுப்பருகே வைத்துக்கொண்டு விரலாலேயே எண்ணிவிடலாம். ஆனால் எஃப் 5.6-இல் தெளிவு எல்லை 1.9 முதல் 3.8 மீட்டராகச் சுருங்கிவிடும். நிழலில் ஆளுக்கு உள்ள தூரத்தைக் கொஞ்சம் கவனமாக மதிப்பிட வேண்டும்.

இந்த வெயில்-நிழல் மாற்றத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைப்பவருக்கு எஃப்இ. அபெர்ச்சரை நீங்கள் வைத்தால் வேகத்தை அது தேர்ந்துகொள்ளும். வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் எந்த வேகத்தில் நிற்கிறது என்று வியூஃபைண்டரிலேயே தெரியும். அந்த முள் 1/125-க்குக் கீழே இறங்கினால் நடப்பவர் கலங்கலாக விழுவார் என்று அர்த்தம். வானம் அதிகம் தெரியும் காட்சியில் மீட்டர் ஏமாறும்; அப்போது கேமராவைத் தரைப்பக்கம் சாய்த்து, செல்ஃப்-டைமர் லீவரை லென்ஸ் பக்கமாக அழுத்திப் பிடித்தால் அளவு பூட்டிக்கொள்ளும். பேட்டரி தீர்ந்தாலும் எம்90 என்ற நிலையில் 1/90 நொடியில் ஓடும். குறை ஒன்றுதான்: உள்ளே மின்சுற்று இருக்கிறது. அது போனால் இன்னொரு எஃப்இ-யை உடைத்துத்தான் உதிரி எடுக்க வேண்டும். எஃப்எம்மில் பேட்டரி மீட்டருக்கு மட்டும். இரண்டு எல்ஆர்44 போதும், அது இல்லாமலும் எல்லா வேகங்களும் வேலை செய்யும்.

எஃப்எம் குடும்பத்தில் ஒரு தொந்தரவு உண்டு. மீட்டர் விழிக்க ஃபிலிம் இழுக்கும் லீவரைச் சற்று வெளியே இழுத்து வைத்திருக்க வேண்டும். இடது கண்ணால் பார்ப்பவருக்கு அது நெற்றியில் குத்தும், கண்ணாடி போட்டவருக்கு ஃபிரேமில் இடிக்கும். கடையிலேயே கண்ணில் வைத்துப் பார்த்துவிடுங்கள். கண்ணாடியோடு பார்த்தால் வியூஃபைண்டரின் நான்கு மூலைகளும் ஒரே நேரத்தில் தெரியாது. கொஞ்சம் கண்ணை உருட்ட வேண்டியிருக்கும். நெகட்டிவில் விழுவது கண்ணுக்குத் தெரிவதைவிட ஓரங்களில் சற்று அதிகம் என்பதால் இதைப் பெரிதாக எண்ண வேண்டாம். கண் வைக்கும் ஐபீஸைச் சுற்றியுள்ள உலோக வளையம் உங்கள் கண்ணாடியைக் கீறாமல் இருக்க மெல்லிய ரப்பர் வளையம் ஒட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்காரர்களுக்கென்றே அமைந்தது நிக்கானின் எஃப்3 எச்பி; கண்ணை 25 மி.மீ. தள்ளி வைத்தாலும் முழுச் சட்டகமும் தெரியும். பட்ஜெட் கூடினால் அதைப் பாருங்கள்.

ரேஞ்ச்ஃபைண்டர்தான் வேண்டும் என்றால் கேனோனெட் மோசமில்லை. 40 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ் தெருவுக்குப் பொருத்தம். பேட்டரி இல்லாமலும் வேகத்தையும் அபெர்ச்சரையும் கையால் வைத்து எடுக்கலாம். அதன் ஆட்டோ நிலையில் வெளிச்சம் எல்லை மீறினால் பட்டனே இறங்காது. 400 ஃபிலிம் போட்டு 1/250-இல் வெயிலில் நின்றால் இதுதான் நடக்கும், பலரும் கேமரா பழுது என்று நினைத்துவிடுவார்கள். வெயிலுக்கு ஐஎஸ்ஓ 100 போடுங்கள், பிரச்சினை தீரும். பேட்டரி இன்னொரு தலைவலி. இதற்கு உரிய 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் வெளிச்சம் அதிகம் என்று மீட்டர் நினைத்துக்கொண்டு படத்தை இருட்டாக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் 675 எண் காது கேட்கும் கருவி பேட்டரி ஏறக்குறைய சரியான மின்னழுத்தம் தரும். விட்டம் சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். ஸ்டிக்கரை உரித்ததிலிருந்து ஓரிரு மாதம்தான் தாங்கும்.

லைக்கா ரேஞ்ச்ஃபைண்டர்? அதன் எம்6 உங்கள் பட்ஜெட்டைப் போலப் பல மடங்கு. அதோடு நம் ஊருக்கான ஓர் எச்சரிக்கை: துணி ஷட்டர் உள்ள ரேஞ்ச்ஃபைண்டரில் எஸ்.எல்.ஆரில் உள்ளதுபோல் கண்ணாடி எதுவும் குறுக்கே இல்லாததால், லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி தோளில் தொங்கினால் பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பதுபோல ஷட்டர் துணியில் ஓட்டை விழும். யாராவது மலிவாக ஒன்றைக் கொடுத்தால், இருட்டறையில் லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, செல்ஃபோன் டார்ச்சை ஒருபக்கம் பிடித்து மறுபக்கம் ஊசிப்புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஷட்டரை இழுத்த நிலையிலும் இழுக்காத நிலையிலும் இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

ஏஇ-1 வேண்டாம் என்பதற்குக் காரணம் சுருக்கம்: பேட்டரி இறந்தால் கேமராவும் இறந்தது. அழுத்தும்போது இருமுவதுபோல் ஒரு கீச்சொலி வந்தால், கண்ணாடிப் பொறியமைப்பில் எண்ணெய் காய்ந்துவிட்டது. சரிசெய்யலாம், ஆனால் அதற்கான காசு தனி. எலக்ட்ரோ 35-இன் லென்ஸ் அருமையானது. ஆனால் வேகத்தை நீங்கள் தீர்மானிக்க வழியே இல்லை, தெருவில் அது பெரிய குறை. இணையத்தில் கொண்டாடப்படும் ஒலிம்பஸ் மியூ-2, கான்டாக்ஸ் டி2 வகைச் சிறு ஆட்டோ கேமராக்கள் மின்சுற்று போனால் காகிதத்தின்மேல் வைக்கும் எடைக்குத்தான் ஆகும். பழைய வீடுகளின் பரணில் கிடைக்கும் ஜெனித்தில் 1/30-க்கும் 1/500-க்கும் இடையே மட்டுமே வேகங்கள், 58 மி.மீ. லென்ஸ், கனமும் அதிகம். இனாமாகக் கிடைத்தால் பழகலாம்.

இனி கடையில் செய்ய வேண்டியது. எஃப்எம் என்று எழுதியிருப்பதற்காக யாரும் காசு கொடுக்கக் கூடாது. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு பீஸின் ஷட்டர்தான் விலையைத் தீர்மானிக்க வேண்டும்.

லென்ஸைக் கழற்றிப் பின்கதவைத் திறந்து வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்து 1/1000-இல் அழுத்துங்கள். சட்டகம் முழுவதும் ஒரு கணம் வெளுத்து மறைய வேண்டும். ஒரு ஓரம் இருட்டாகவே நின்றால், ஷட்டரில் பின்னால் வரும் திரை முன்னால் போகும் திரையை எட்டிப் பிடிக்கிறது; படத்தின் ஒரு பட்டை கறுப்பாக விழும். செல்ஃபோனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அடுத்து மெதுவான வேகங்கள்: 1 நொடி, 1/2, 1/4, 1/8. உள்ளே பல்சக்கரம் சீராக 'உர்ர்ர்' என்று ஓடி முடிய வேண்டும். பாதியில் நின்று தயங்கினால் எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கிறது; சர்வீஸ் செலவைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள். உலோகத் தகடுகளின்மேல் பிசுபிசுப்பு, மடிப்பு, விரல்ரேகை இருந்தால் அந்த பாடியை அங்கேயே வைத்துவிடலாம். தகட்டை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள்.

பின்கதவின் ஓரங்களில் ஓடும் நுரைப்பட்டையைப் பல்குச்சியால் தொடுங்கள். தார் போல ஒட்டினால் வெளிச்சம் கசியும். இது பயப்பட வேண்டிய குறை அல்ல. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட இயர்பட்ஸால் பழையதைத் துடைத்தெடுத்து, 1.5 முதல் 2 மி.மீ. கறுப்பு நுரையை வெட்டி ஒட்டினால் போதும். மெல்லிய பள்ளத்தில் கறுப்பு உல்லன் நூலே அடங்கும். துடைக்கும்போது அந்தத் தார்த்துணுக்கு ஷட்டர் தகட்டில் விழாமல் மேலே ஒரு காகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேலெழுந்து இடிக்கும் இடத்திலும் இதே நுரை இருக்கும், அதையும் மறக்காதீர்கள்.

பேட்டரி அறையில் பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். துடைத்தபின் மீட்டர் எரிந்தால் பரவாயில்லை. மீட்டரைச் சோதிக்க, நிழலில் உள்ள வெற்றுச் சுவரை நோக்கி அதன் அளவையும் செல்ஃபோன் மீட்டர் செயலியின் அளவையும் ஒப்பிடுங்கள். பிறகு வெயில் சுவரிலும் அதேபோல. இரண்டிலும் ஒரே அளவு வித்தியாசம் காட்டினால் ஐஎஸ்ஓ டயலை நகர்த்திச் சமாளிக்கலாம். ஓரிடத்தில் சரியாகவும் இன்னோரிடத்தில் தவறாகவும் இருந்தால் அந்த மீட்டரை நம்ப முடியாது.

லென்ஸை டார்ச்சில் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற கிளைகள் பூஞ்சை. கடலோர ஊர்களில் இது சகஜம், வேண்டாம் என்று தள்ளுங்கள். தூசிக்குக் கவலைப்பட வேண்டாம். பழைய, வளையத்தில் ஏஐ வெட்டு (அபெர்ச்சரைக் கேமராவுக்குத் தெரிவிக்கும் அமைப்பு) இல்லாத நிக்கான் லென்ஸ்களை எஃப்எம், எஃப்இ இரண்டும் ஏற்கும். லென்ஸ் பொருந்தும் மவுன்ட் ஓரத்தில் உள்ள சின்ன நாக்கை மடக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். எஃப்எம்2-வில் அந்த நாக்கு மடங்காது, அழுத்தி மாட்டினால் உடையும்.

பணத்தைப் பிரிக்கும்போது பாதிக்கு மேல் பாடிக்குப் போக வேண்டாம். கால் பங்கு லென்ஸுக்கு, மீதி சர்வீஸுக்கும் ஃபிலிமுக்கும். ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ரோல்கள் இன்னும் சில இடங்களில் பழைய சரக்காக விற்கின்றன. ஆசைக்கு வாங்கலாம், கேமராவைச் சோதிக்க அல்ல. காலாவதியான ஃபிலிமில் தவறு யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. சோதனைக்கு கென்ட்மியர் 400 அல்லது இல்ஃபோர்டு எச்பி5 புதிய ரோல் போடுங்கள்.

முதல் ரோலைத் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டாம். போட்டதும் லீவரை இழுக்கும்போது இடப்பக்கத்து ரீவைண்ட் குமிழ் சுழல்கிறதா பாருங்கள். சுழலாவிட்டால் ஃபிலிம் மாட்டவில்லை. ஒரே சுவரை, ஒரே வெளிச்சத்தில், 1/1000 எஃப் 4, 1/500 எஃப் 5.6, 1/250 எஃப் 8, 1/125 எஃப் 11, 1/60 எஃப் 16 என்று ஐந்து படம் எடுங்கள். இவை அனைத்தும் ஒரே அளவு வெளிச்சம் தருபவை. கழுவிய நெகட்டிவில் ஐந்தும் ஒரே அடர்த்தியில் இருந்தால் ஷட்டர் சரி. 1/1000 மட்டும் வெளிறி, மற்றவை சரியாக இருந்தால் அந்த வேகத்தை விட்டு 1/500-இல் ஓட்டலாம், விலையில் கொஞ்சம் திருப்பிக் கேட்கலாம். படங்களுக்கு இடையிலான வெற்றிடம் சீரற்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் ஃபிலிம் இழுக்கும் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. அது உதிரி கிடைக்காத வேலை, பாடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்த ரோல் கழுவி வரும்வரை திருப்பித் தரும் உரிமை உண்டு என்று வாங்கும்போதே பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.