உங்களுக்கு மிகவும் பிடித்த மொழியியலாளர் யார், ஏன்?

ஜோசப் கிரீன்பெர்க். மொழியியல் என்றதும் எல்லோரும் சாம்ஸ்கி பெயரைத்தான் சொல்வார்கள். முதுகலை வகுப்பில் இரண்டு பேரையும் படித்தேன். மனதில் ஒட்டிக்கொண்டவர் இவர்.

1915-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். முனைவர் பட்டம் மானிடவியலில். அதற்காக நைஜீரியாவில் ஹவுசா மக்களிடையே களப்பணி செய்தார். இரண்டாம் உலகப்போரில் ராணுவத்தில் எதிரிகளின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் வேலை. அப்புறம் மின்னசோட்டா, கொலம்பியா, 1962 முதல் ஸ்டான்போர்ட்.

அவரைப் பெரிய ஆளாக்கியது 1961-இல் நியூயார்க் அருகே டாப்ஸ் ஃபெர்ரியில் நடந்த மொழியியல் மாநாட்டில் படித்த கட்டுரை. முப்பதே மொழிகளை எடுத்துக்கொண்டு, உலக மொழிகளுக்குப் பொதுவான 45 விதிகளை, அதாவது பொதுவிதிகளை, சொன்னார். அந்த முப்பதில் கன்னடம் உண்டு, தமிழ் இல்லை (கொஞ்சம் பொறாமைதான்!).

அந்த விதிகளில் பெரும்பாலானவை 'இது இருந்தால் அதுவும் இருக்கும்' என்ற வடிவில் இருக்கும். அங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். 'கண்ணன் பழத்தைத் தின்றான்' என்று வினையைக் கடைசியில் வைக்கிறோம். 'மேசை மேல்', 'மழைக்குப் பிறகு' என்று மேல், பிறகு எல்லாம் பெயருக்குப் பின்னால்தான் வருகின்றன. ஜப்பானியமும் துருக்கியும் இப்படியே. வினையை முதலில் வைக்கும் வெல்ஷ் மொழியில் இந்தச் சொற்கள் பெயருக்கு முன்னால் போய்விடும். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மொழிகள் ஏன் இப்படி ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும்? இந்தக் கேள்வி இன்னும் பலருக்குச் சோறு போடுகிறது.

வார்த்தையை அளந்து பேசுவார். எழுவாய் செயப்படுபொருளுக்கு முன்னால் வரும் என்பது முதல் விதி. அதில் 'அநேகமாக எப்போதும்' என்று ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தார். 1970-களில் செயப்படுபொருளை முதலிலும் எழுவாயைக் கடைசியிலும் வைக்கும் ஹிஷ்கர்யானா என்ற அமேசான் மொழியைப் பற்றி டெஸ்மண்ட் டெர்பிஷைர் என்ற மொழியியலாளர் எழுதியபோது, விதி உடையவில்லை.

இதே ஆள் 1987-இல் அமெரிக்கப் பழங்குடி மொழிகளை மூன்றே குடும்பங்களுக்குள் அடக்கியபோது, அந்தத் துறையினர் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்கள். ஆப்பிரிக்க மொழிகளை நான்கு குடும்பங்களாகப் பிரித்தபோதும் எதிர்ப்பு வந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி நிலைத்தது. அமெரிக்காவில் செல்லுபடியாகவில்லை. தரவுகளில் பிழைகள் மலிந்திருந்தன, மேலோட்டமான சொல் ஒற்றுமையை நம்பினார் என்பது குற்றச்சாட்டு. என்னைக் கேட்டால் நியாயமான குற்றச்சாட்டுதான். பொதுவிதி என்றால் ஒரு இலக்கண நூலைப் புரட்டி யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். பல நூற்றுக்கணக்கான மொழிகளின் சொற்பட்டியல்களைப் பார்த்து உறவு சொல்வதில் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

நேரம் கிடைத்தால் 1963-இல் அச்சான அந்த மாநாட்டுத் தொகுப்பைத் தேடிப் பிடியுங்கள். கட்டுரையை முழுதாகப் படிக்கப் பொறுமை இல்லாவிட்டாலும் பின்னிணைப்பில் 45 விதிகளும் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றாகத் தமிழில் போட்டுப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது.