சரவுண்டு ஸ்பீக்கரை எங்கே மாட்டுவது?

கேள்வி: தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு வந்து மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தாமானில் (குடியிருப்பில்) தரை வீடு வாங்கியிருக்கிறோம். ஹால் 16 அடி நீளம், 11 அடி அகலம். ஒரு நீளச் சுவரில் டிவி, எதிர்ச் சுவரை ஒட்டிச் சோபா. உட்கார்ந்தால் இடது கைப்பக்கம் வாசல் ஸ்லைடிங் கதவு. வலது கைப்பக்கம் சுவரே இல்லை, சாப்பாட்டு மேசைக்குத் திறந்துகிடக்கிறது. சோபா ஒட்டியிருக்கும் சுவரிலேயே, சோபாவின் வலது முனையிலிருந்து 3 அடி தள்ளிப் படுக்கையறைக் கதவு. 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு சப்வூஃபர்) பார்க்கப் போனோம். பின் ஸ்பீக்கர் (சரவுண்டு) இரண்டையும் சிலிங் மூலையில் மாட்டலாம், பக்கச் சுவர் இல்லாத குறை தெரியாமலிருக்க 7.1 ஆகவே எடுத்துக்கொள்ளுங்கள், இன்னும் 900 வெள்ளிதான் (ரிங்கிட்) என்கிறார் கடைக்காரர். கேட்கலாமா?

பதில்: 7.1 வேண்டாம். அந்த 900 வெள்ளி உங்கள் கையிலேயே இருக்கட்டும். முதலில் சோபாவை ஒன்றரை அடி முன்னால் இழுங்கள்.

7.1இல் கூடுதலாக வரும் இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கவேண்டியவை. டிவியை நேர் பார்ப்பதை 0 டிகிரி என்று வைத்தால், அவற்றின் இடம் 135 முதல் 150 டிகிரி. சுவரை ஒட்டிய சோபாவுக்குப் பின்னால் அந்த இடம் ஏது? தலைக்கு ஒரு அடி தூரத்தில் மாட்டினால் படத்தின் ஓசையைவிட அந்தப் பெட்டியின் ஓசைதான் காதில் விழும். 5.1இன் இரண்டு சரவுண்டுக்குச் சொல்லப்படும் இடம் 110 முதல் 120 டிகிரி. அதாவது காதுக்கு நேர் பக்கவாட்டிலிருந்து சற்றே பின்னால். இதற்குப் பக்கச் சுவர் கட்டாயமில்லை. உங்கள் வீட்டில் படுக்கையறைச் சுவரே போதும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இப்போது உங்கள் தலைக்கும் பின் சுவருக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு அடி இருக்கும். சோபாவை இழுத்தால் அது இரண்டரை அடியாகும். சோபாவின் நடுவிலிருந்து இடப்பக்கம் 5 அடி, வலப்பக்கம் 5 அடி அளந்து அந்தச் சுவரில் பிராக்கெட் அடியுங்கள். பெட்டியின் கனம் போக, அதன் முகம் காதுக்கு இரண்டடி பின்னால் வரும். கோணம் 110 டிகிரியைத் தாண்டிவிடும். மூன்று பேர் உட்காரும் சோபா ஆறரை அடி என்றால் உங்கள் அறைக் கதவு நடுவிலிருந்து ஆறேகால் அடியில் தொடங்குகிறது. எனவே 5 அடியில் தாராளமாக இடம் இருக்கிறது. துளை போட மனமில்லை என்றால் அதே இடத்தில் இரண்டு ஸ்டாண்ட் வைக்கலாம். ஆனால் ஒன்று சுவரில், ஒன்று ஸ்டாண்டில் என்று உயரம் மாறிவிடக் கூடாது.

உயரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் தப்பு நடப்பது இங்கேதான். நம் ஆட்கள் ஸ்பீக்கர் என்றதும் அண்ணாந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டிப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். பாட்டு கூரைகளைத் தாண்டிக் கடைசி லயம் வரைக்கும் போகவேண்டும். அங்கே உயரம்தான் சரி. உங்கள் ஹாலில் கேட்கப்போவது சோபாவில் இருக்கும் நாலு பேர். அவர்களுக்குச் சரவுண்டு காது மட்டத்திலிருந்து ஒரு அடி, மிஞ்சினால் இரண்டு அடி மேலே இருந்தால் போதும். சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கும். ஆக நாலரையிலிருந்து ஐந்தரை அடிக்குள் மாட்டுங்கள். சிலிங் மூலையில் மாட்டினால் படத்தில் உங்கள் பக்கத்தில் போகவேண்டிய லாரி தலைக்கு மேல் போகும். பிற்பாடு டால்பி அட்மோஸ் ஆசை வந்தாலும் இடிக்கும்: அதில் மேலே இருந்து வரும் ஒலிக்கென்று தனி ஸ்பீக்கர் உண்டு, சரவுண்டும் மேலேயே இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

சோபாவை இழுப்பதில் இன்னொரு லாபம், சுவரோரம் தேங்கும் பேஸ் குறையும். சுவரை ஒட்டி உட்கார்ந்தவருக்குச் சப்வூஃபர் 'கும்' என்று ஒரே சுதியில் கத்துவது அதனால்தான். சப்வூஃபருக்கு இடம் தேட ஒரு பழைய வழி இருக்கிறது. அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பேஸ் உள்ள பாட்டைப் போடுங்கள். பிறகு டிவி பக்கத்துச் சுவரோரம் குனிந்து தவழ்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு தாள அடியும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வையுங்கள். ஆனால் டிவி சுவர் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவராக இருந்தால் மூலையில் மட்டும் வைக்காதீர்கள். மூலை பேஸைப் பெருக்கும், அங்கே தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்.

முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் இடையே 7 முதல் 8 அடி விடுங்கள். மாட்டி முடித்ததும் ரிசீவரோடு (எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் பெட்டி) வரும் மைக்கை, சோபாவின் முதுகில் சாய்க்காமல், காது உயரத்தில் நிறுத்தி அளவெடுக்கச் செய்யுங்கள். ஒலி ஒரு அடி கடக்க ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி ஆகும்; எந்த ஸ்பீக்கர் எத்தனை அடியில் இருக்கிறது என்று ரிசீவருக்குத் தெரிந்தால்தான் எல்லா ஒலியும் ஒன்றாக வந்து சேரும். அப்போது காற்றாடியை நிறுத்திவிடுங்கள். மழை நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

கேள்வி: வயரே வேண்டாம், வயர்லெஸ் ஸ்பீக்கர் எடுங்கள் என்கிறார்களே?

பதில்: ரிசீவரிலிருந்து வரும் வயர்தான் இருக்காது, கரண்ட் வயர் இருக்கும். பேட்டரியில் ஓடும் சில வகை தவிர, ஒவ்வொரு பின் ஸ்பீக்கருக்கும் ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும். சோபாவின் இரு பக்கமும் பாயிண்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் இழுத்து, இரண்டு மெல்லிய வயருக்குப் பதிலாக இரண்டு தடித்த வயர் தரையில் கிடக்கும்.

கேள்வி: போன மாதம் செட் மாட்டினார்கள். இடது சரவுண்டு பேசவே இல்லை. கடைக்கு நான்கு முறை போன் செய்தும் ஆள் வரவில்லை.

பதில்: ரிசீவரை அணைத்துவிட்டு, அதன் பின்னால் இடது, வலது சரவுண்டு வயர்களை மாற்றிச் சொருகி டெஸ்ட் டோன் (சோதனை ஒலி) போடுங்கள். இடது பெட்டி இப்போது பேசி வலது ஊமையானால் கோளாறு ரிசீவரில். இடது பெட்டி அப்போதும் ஊமை என்றால் வயரோ பெட்டியோதான். வலது பெட்டியைக் கழற்றி இடது வயரில் மாட்டினால் எது என்று தெரிந்துவிடும். வயர் என்றால் நுனியில் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். சீக்கிரம் ஒடியும். செம்பு வயர் என்று பில்லில் எழுதியிருந்தால் மாற்றித் தரச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கடை அசையாவிட்டால் போனில் கெஞ்சாதீர்கள். பில்லின் நகல், எந்தத் தேதியில் பேசினீர்கள், என்ன பதில் வந்தது எல்லாவற்றையும் எழுதி வாட்ஸ்அப்பிலாவது அனுப்பி, பதிலுக்கு ஒரு நாள் குறியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் அது 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. வழக்கறிஞர் வைக்கவேண்டியதில்லை, உங்கள் வழக்கை நீங்களே பேசலாம். கையில் பில் மட்டும் இருக்கவேண்டும். இப்போதே அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள், அந்தக் கடைச் சீட்டின் எழுத்து நாளடைவில் வெளுத்துவிடும்.