ஒன்பது வீடு, மூன்று சேனல்: இரவு 8 மணிக்கு மேல் வைஃபை ஏன் படுக்கிறது?

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரே காம்பவுண்டில் 9 லைன் வீடுகள். வீட்டுக்கு ஒரு ரூட்டர். இரவு 8 மணிக்கு மேல் யாருக்கும் வீடியோ ஓடுவதில்லை. சேனலை ‘ஆட்டோ’வில் விட்டோம், பவரையும் முழுதாக ஏற்றினோம். பயனில்லை. வேறு வழி உண்டா?

பதில்: முதலில் இரவு 9 மணிக்கு லேப்டாப்பைக் கேபிள் போட்டு ரூட்டரில் இணைத்து வேகம் பாருங்கள். கேபிளிலும் மந்தம் என்றால் கோளாறு வெளி லைனில். கீழே சொல்வது உதவாது.

சேனல் என்பது ரூட்டர் பேசும் அலைப்பாதை. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11. “காலியாக இருக்கிறதே” என்று 4-க்கோ 9-க்கோ போகாதீர்கள். ஒரே சேனலில் இருக்கும் ரூட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு முறை வைத்துப் பேசும். பாதி ஏறிய சேனலில் அந்தப் பேச்சு வெறும் இரைச்சல்.

இப்போது 1-இல் 3 வீடு, 6-இல் 5, 11-இல் 1 என்று வைத்துக்கொள்வோம். 6-இல் உள்ள ஐவரும் 11-இல் ஒருவர்தான் என்று பார்த்து ஒரே நேரத்தில் தாவினால் அங்கே 6 வீடு. மறுபடி எல்லோரும் திரும்பி ஓடுவார்கள். ‘ஆட்டோ’ இங்கேதான் சறுக்குகிறது. பல ரூட்டர்கள் ஆன் ஆகும்போது மட்டுமே சேனலைத் தேடும். கரண்ட் போய் வந்தால் ஒன்பதும் ஒன்றாகத் தேடி, ஒரே முடிவுக்கு வரும்.

ஒவ்வொருவராக நகர்ந்தால் கதையே வேறு: 3-5-1, 3-4-2, 3-3-3. அதற்குப்பின் யார் நகர்ந்தாலும் நாலில் ஒருவர் ஆவார், அவருக்குத்தான் நட்டம். இதுதான் நாஷ் சமநிலை. ஒரே பொருளைப் பலர் பங்கிட, கூட்டம் கூடக் கூட எல்லோருக்கும் குறையும் இத்தகைய ‘நெரிசல் ஆட்டங்களில்’ அப்படியொரு நிலை கட்டாயம் உண்டு என்று ஆட்டக் கோட்பாட்டு அறிஞர் ராபர்ட் ரோசென்தால் 1973-இல் நிறுவினார்.

பக்கத்து வீட்டுக் கணக்கு தெரியாமலே அங்கே போய்ச் சேரத்தான் ஆன்லைன் லேர்னிங். இணையவழி வகுப்பு அல்ல, ஆடிக்கொண்டே கற்பது. ‘ஆட்டோ’வை அணைத்துவிடுங்கள். 9 நாள் சுற்றில் வீட்டு எண் வரிசைப்படி நாளுக்கு ஒரு வீடு மட்டும் வேறு சேனலை முயலட்டும். இரவு 8 முதல் 10 மணிக்குள் வேகத்தை மூன்று முறை அளந்து, நடு எண்ணை எடுங்கள். பழைய சேனலின் சராசரியைவிட 20 சதவீதமாவது கூடினால் அங்கேயே இருங்கள், இல்லையேல் திரும்பிவிடுங்கள். இந்த 20 சதவீத வரம்பு இல்லாவிட்டால் அற்ப ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் தாவல்தான்.

சராசரியில் புதிய அளவுக்கு ஐந்தில் ஒரு பங்கு எடை கொடுங்கள்: பழையது 20 மெகாபிட், இன்று 10 என்றால், 16 + 2 = 18. எல்லா நாளுக்கும் சம எடை தந்தால், போன மாதம் வீடு காலி செய்தவரின் ரூட்டரும் கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

பவர் விஷயம் நம் ஊர் போர்வெல் போட்டிதான். பக்கத்துக்காரர் 800 அடி போட்டால் நாம் 1000 அடி. தண்ணீர் கூடவா செய்கிறது? ரூட்டர் கத்தினாலும் போனின் குரல் ஏறாது. போனில் சிக்னல் கட்டம் நிறைந்திருக்கும், அப்லோடு நின்றிருக்கும். உங்கள் கத்தலைக் கேட்கும் ரூட்டர்களும் காத்துக் கிடக்கும். ஒருவர் மட்டும் குறைத்தால் அவர்தான் ஏமாளி, எனவே ஒன்பது பேரும் ஒரே நாளில் ‘மீடியம்’ வையுங்கள்.

சேனல் அகலம் 40 மெகாஹெர்ட்ஸில் இருந்தால் 20 ஆக்குங்கள். 40-இல் மூன்று சேனலுக்கு இடமே இல்லை. டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அது சுவரைத் தாண்டத் திணறும், லைன் வீட்டில் அதுவே லாபம்.