வலைப்பக்கத்தில் அருகருகே நிற்க வேண்டிய இரண்டு பெட்டிகளுக்கும் அகலம் 50% கொடுத்தும் இரண்டாவது ஏன் கீழே இறங்குகிறது?

கல்லூரி வெப் டிசைன் லேபில் பலரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் விட்த் (அகலம்) என்பது இயல்பாக உள்ளடக்கத்தின் அகலம் மட்டுமே. பேடிங்கும் (உள்ளடக்கத்தைச் சுற்றிய உள் இடைவெளி) பார்டரும் (அதைச் சுற்றிய விளிம்புக் கோடு) அதற்கு வெளியே சேரும். 1000 பிக்சல் இடத்தில் ஒரு பெட்டிக்கு 500; இருபுறமும் 20 பேடிங், 1 பார்டர் என்றால் 542. இரண்டும் சேர்ந்து 1084. இடம் போதாமல், ஃப்ளோட் செய்த (இடமோ வலமோ ஒதுக்கி நிறுத்திய) இரண்டாவது பெட்டி கீழே போய்விடும்.

50-ஐ 46, 45 என்று குறைத்துப் பார்ப்பது வேண்டாம். திரை சுருங்கினால் மறுபடி உடையும். ஸ்டைல்ஷீட்டின் தொடக்கத்தில், பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் குறிக்கும் நட்சத்திரக் குறி (*) செலக்டருக்குள் பாக்ஸ்-சைஸிங்குக்கு பார்டர்-பாக்ஸ் என்று கொடுங்கள். பேடிங், பார்டர் எல்லாம் 500-க்குள் அடங்கிவிடும். மார்ஜின் (பெட்டியைச் சுற்றி விடும் இடைவெளி) அடங்காது, அது எப்போதும் வெளியேதான்.

அப்படியும் இறங்கினால் ஃப்ளோட்டுக்குப் பதில் இன்லைன்-பிளாக் (பெட்டிகளைச் சொற்கள்போல வரிசையில் வைக்கும் முறை) போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். எச்டிஎம்எல்லில் இரு பெட்டிகளுக்கு நடுவே தட்டிய என்டர்கூட ஓர் இடைவெளியாகக் கணக்கில் வரும். அந்தச் சில பிக்சலே போதும், வரிசை கலைய. புதிதாக எழுதுவதானால் ஃப்ளோட்டை விட்டுவிட்டு வெளிப்பெட்டிக்கு டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் (உள்ளே இருப்பவற்றை வரிசையாக அடுக்கும் முறை) கொடுப்பதே மேல். எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று தெரியாவிட்டால் பிரவுசரில் எஃப்12 தட்டுங்கள். திறக்கும் டெவலப்பர் டூல்ஸின் கம்ப்யூட்டட் பகுதியில் பேடிங், பார்டர், மார்ஜின் அளவுகள் தனித்தனியாகத் தெரியும்.