வண்டியில் கருகல் வாடை: எங்கே தேடுவது?

தருமபுரியில் 22 வருடமாக இரு சக்கர வண்டி வேலை பார்க்கிறேன். "ஏதோ தீயுற வாடை வருதுண்ணா" என்று யார் வந்து நின்றாலும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் கேட்பேன். வாடை எப்போது வருகிறது? எதைப் போல இருக்கிறது? காகிதம், ரப்பர், பிளாஸ்டிக், எண்ணெய் என ஒவ்வொன்றும் தீயும்போது வாடை வேறு. இதைச் சரியாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. சொல்லாமல் விட்டால் நல்ல பாகத்தையும் சேர்த்துக் கழற்றி மாட்ட வேண்டி வரும். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பென்னாகரத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, ஒகேனக்கல் போயிட்டு டபுள்ஸ்ல மலை ஏறும்போது பழைய பேப்பர் கொளுத்தின மாதிரி வாடை. ரேஸ் கொடுத்தா சத்தம் ஏறுது, வண்டி ஏறலை. 150 சிசி வண்டி. போன வாரம்தான் ஆயில் மாத்தினேன்.

தம்பி, கிளட்ச் பிளேட் தீய்கிறது. நீங்கள் சொன்ன காகித வாடையும், சத்தம் ஏறி வேகம் ஏறாததும் சேர்ந்து வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். சமதளத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். காலியான சாலையில் நாலாவது கியரில் 40-ல் போகும்போது சட்டென்று முறுக்குங்கள். இன்ஜின் மட்டும் அலறி, வேகம் மெதுவாக ஏறினால் பிளேட் வழுக்குகிறது.

அடுத்து கிளட்ச் லீவரைப் பாருங்கள். அதன் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை லூஸ் ஆட்டம் பெரும்பாலான வண்டிகளுக்கு வேண்டும். உங்கள் வண்டிக்குச் சரியான அளவு கையேட்டில் இருக்கும். பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் குறைந்துகொண்டே வரும். ஆட்டமே இல்லையென்றால் நீங்கள் லீவரைத் தொடாதபோதும் கேபிள் கிளட்சைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மலையில் இரண்டு பேர் பாரத்தோடு அது தாங்காது.

ஆயில் மாற்றினேன் என்றீர்களே, டப்பாவை எடுத்துப் பாருங்கள். நம் வண்டிகளில் பெரும்பாலும் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கி ஓடுகிறது. கார் ஆயில்கள் சிலவற்றில் வழுக்கலைக் கூட்டும் சேர்மானம் இருக்கும். அது காருக்கு நல்லது, நம் கிளட்சுக்கு ஆகாது. டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரக் குறியீடு) எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று போட்டிருக்க வேண்டும். எம்.பி. என்றிருந்தால் அது ஸ்கூட்டருக்கானது. தவறான ஆயில் என்றால் முதலில் அதை மாற்றி ஓட்டிப் பாருங்கள். அப்படியும் வழுக்கினால்தான் பிளேட். திறக்கும்போது இடையில் இருக்கும் இரும்புத் தகடுகள் நீலம் பாய்ந்திருந்தால் அவற்றையும் ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். கருகின தூள் ஆயிலில் கலந்திருக்கும், அதனால் அந்த ஆயிலையும் வடித்துவிட வேண்டும்.

பாலக்கோடு, தக்காளி வியாபாரி: இரண்டு கிரேடு கட்டிக்கிட்டு தொப்பூர் கணவாய் இறங்கினேன். கீழே போய் நிறுத்தினா பின் சக்கரத்துல நெருப்பு மாதிரி சூடு, ஒரு காட்டமான வாடை. செயின் டைட் வெச்சு நாலு நாள்தான் ஆகுது.

செயின் டைட் வைத்ததைச் சொன்னீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் தள்ளுகிறோம். பின்னால் போகிற சக்கரம் பிரேக் ராடையும் இழுக்கும். அப்போது ராடின் நட்டைத் தளர்த்தி விடாமல் அனுப்பிவிட்டால், நீங்கள் மிதிக்காமலே பிரேக் ஷூ டிரம்மில் உரசிக்கொண்டே ஓடும். அவசரத்தில் விட்டுப்போகிற வேலை இது.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கட கடவென்று சுற்ற வேண்டும். ஒரு சுற்றுகூட முழுசாகப் போகாமல் நின்றால் பிரேக் பிடித்திருக்கிறது. மிதியில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும்படி நட்டைத் தளர்த்துங்கள். தளர்த்தியும் விடவில்லையென்றால் உள்ளே ஷூவை விரிக்கும் கேம் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். கழற்றி, தேய்த்து, மிகக் கொஞ்சமாக கிரீஸ் வைக்க வேண்டும். கிரீஸ் ஷூவில் பட்டால் பிரேக்கே இருக்காது, அது இன்னும் ஆபத்து.

சூடு பார்க்கக் கையை வைக்காதீர்கள். இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று ஆவியாகிறதா என்று தெரிந்துவிடும். சொட்டு மட்டும்தான். கொதிக்கிற டிரம்மில் பாட்டிலைக் கவிழ்த்தால் விரிசல் விடலாம்.

இன்னொன்று, பாரத்தோடு தொப்பூர் இறங்கும்போது நாலாவது கியரில் பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். இரண்டு அல்லது மூன்றில் இறங்குங்கள், இன்ஜினே பிடித்துக்கொள்ளும். சூடேறின ஷூ மேல்பூச்சு பளபளத்துப் போய், அடுத்த வளைவில் மிதித்தால் நிற்காது. அந்தக் கணவாயில் லாரிகள் இதனால்தான் பிரேக் இழக்கின்றன. பைக்குக்கும் அதே கதைதான்.

அரூர்: புது வண்டி எடுத்து ஒரு வாரம். நின்னதும் சைலன்சர்ல பெயிண்ட் காயுற வாடை.

பயப்பட ஒன்றுமில்லை. சைலன்சர் மேல்பூச்சும் ஒட்டியிருந்த எண்ணெயும் சூட்டில் எரிகிறது. சில நாள் ஓட்டத்தில் போய்விடும். முதல் சர்வீசுக்குப் பிறகும் இருந்தால் காட்டுங்கள்.

ஊத்தங்கரை பக்கம் ஒரு பள்ளி ஆசிரியர்: ரோட்டுல கொள்ளுச் செடி காயப்போட்டிருந்தாங்க. அது மேல ஏறி வந்தேன். ஒரு கிலோமீட்டர்ல புகை, காய்ந்த புல் எரியுற வாடை.

சார், நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் அறுவடைக் காலத்தில் இது வழக்கமாக நடப்பது. கேழ்வரகுக் கதிர், கொள்ளு, துவரை எல்லாம் வண்டி ஏறித் தாள் பிரியட்டும் என்று தார்ச்சாலையில் பரப்பிவிடுகிறார்கள். களம் இல்லாதவர்களின் கஷ்டம் புரிகிறது. ஆனால் கொள்ளுக்கொடி கயிறு மாதிரி சுற்றும். போன தை மாதம் ஒரு வண்டியில் பின் சக்கர நடுவிலிருந்து நான் அறுத்து எடுத்தது முழங்கை நீளம். முறுக்கின முறுக்கில் தாம்புக்கயிறு போல இறுகி, சைலன்சர் பக்கம் இருந்த நுனி கரிக்கட்டையாக இருந்தது. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் வண்டி போயிருக்கும்.

பிஎஸ்-4, பிஎஸ்-6 (அரசின் புகை அளவு விதி) வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் சைலன்சர் குழாய்க்குள் இருக்கிறது. அது ஓடும்போது நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கும். காய்ந்த தாள் ஒட்டினால் பற்றிக்கொள்ள நேரம் ஆகாது. அதனால் காயப்போட்ட இடத்தைத் தாண்டியதும், காய்ந்த புல் இல்லாத வெறுந்தரையாகப் பார்த்து நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, குச்சியால் இழுத்துப் போடுங்கள். சைலன்சர் அடி, இன்ஜின் அடி, செயின் பற்சக்கரம், பின் சக்கர நடு, நான்கையும் குனிந்து பாருங்கள். தாள் மேலேயே நிறுத்திவிட்டுக் குனிவது பெரிய தப்பு.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு சகோதரி: அண்ணா, ஸ்கூட்டர்ல ரப்பர் தீயுற வாடை. நெரிசல்ல மேட்டுல நின்னு நின்னு போகும்போது மட்டும் வருது.

அம்மா, முதலில் சைலன்சரைச் சுற்றிப் பாருங்கள். பாலிதீன் பை ஒட்டியிருந்தாலும் கிட்டத்தட்ட இதே வாடைதான். அது இல்லையென்றால் உள்ளே இருக்கும் பெல்ட்டோ கிளட்ச் ஷூவோ வழுக்குகிறது. மேட்டில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக முறுக்கி வண்டியை நிறுத்தி வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், பிரேக்கில் நிறுத்துங்கள். இடது பக்க மூடியைத் திறந்தால் பெல்ட்டில் விரிசலோ, பளபளப்போ, கறுப்புத் தூளோ இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஓசூர், ராத்திரி ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்: ஹெட்லைட்டுக்கு 100 வாட்ஸ் பல்பு மாத்தினேன். ராத்திரி ஓட்டும்போது பிளாஸ்டிக் உருகுற வாடை. ஃபியூஸ் ரெண்டு தடவை போயிடுச்சு, அதனால கம்பி சுத்தி வெச்சிருக்கேன்.

இன்றைக்கே அந்தக் கம்பியை எடுத்துவிடுங்கள். இதைக் கடுமையாகவே சொல்கிறேன். 35 வாட்ஸ் பல்பு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். 100 வாட்ஸ் 8-க்கு மேல் இழுக்கும். ஒயரும் சுவிட்சும் கனெக்டரும் அந்த மூன்றுக்குச் செய்தவை. ஃபியூஸ் போனது உங்களைக் காப்பாற்றத்தான். அதைத் தடுத்ததால் இப்போது ஃபியூசுக்குப் பதில் ஒயர் எரிகிறது.

வேலை கற்ற புதிதில் நானும் இதைச் செய்திருக்கிறேன். ராத்திரி பத்து மணி, ஃபியூஸ் கைவசம் இல்லை, ஊருக்குப் போக வேண்டியவர் கெஞ்சினார், ஒரு இழை செம்புக்கம்பி சுற்றிக் கொடுத்தேன். காரிமங்கலம் தாண்டுவதற்குள் டேங்க் அடியில் ஒயரிங் முழுக்க உருகிவிட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, பெட்ரோல் டியூப் ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. அதன்பிறகு 10, 15 ஆம்பியர் ஃபியூஸ் இல்லாமல் என் பெட்டி இருந்ததில்லை.

பழைய வாட்ஸ் பல்பையே போடுங்கள். ஹெட்லைட் பின்னால் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தால் அதை மாற்றுங்கள். அப்படியே ஆர்.ஆர். யூனிட்டின் (பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) கனெக்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி ஓடும்போது பேட்டரியில் 14-ஐ ஒட்டி வோல்ட் இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் அந்த யூனிட் போய்விட்டது. பேட்டரி கொதித்து அழுகின முட்டை வாடை வருவதும் இதனால்தான்.

காவேரிப்பட்டணம், மாந்தோப்பு வைத்திருக்கும் ஐயா: பழைய 100 சிசி. நிறுத்தின பிறகு எண்ணெய்ச் சட்டி காய்ந்த வாடை, லேசா புகை.

ஐயா, எங்கிருந்தோ ஆயில் கசிந்து சைலன்சரில் சொட்டுகிறது. டாப்பட் கவர் கேஸ்கெட்தான் (இன்ஜின் தலை மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்பு) முதல் சந்தேகம். இன்ஜின் ஆறினதும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, காயவைத்து, முகப்பவுடரைத் தூவிவிடுங்கள். பத்து நிமிடம் ஓட்டினால் பவுடரில் ஈரக்கோடு விழும். கோடு எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கேதான் கசிவு. ஆயில் அளவையும் பாருங்கள்.

அஞ்செட்டி: ரெண்டு மாசம் நிறுத்தி வெச்சிருந்த வண்டி. எடுத்ததும் முடி கருகுற வாடை.

ஸ்டார்ட் செய்யாதீர்கள். எலியோ அணிலோ கூடு கட்டியிருக்கும். சீட்டுக்கு அடியிலும் ஏர் ஃபில்டர் பெட்டியிலும் பாருங்கள். கூட்டை எடுத்த பிறகு ஒயர் கடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள்.

பர்கூர்: வழியில வாடை வந்தா வீடு வரைக்கும் ஓட்டலாமா?

பெட்ரோல் வாடையோ பிளாஸ்டிக் வாடையோ என்றால் ஒரு அடியும் வேண்டாம். சாவியை எடுங்கள், பெட்ரோல் காக் இருந்தால் மூடுங்கள், பேட்டரி எட்டினால் நெகட்டிவைக் கழற்றுங்கள். பிரேக் என்றால் அரை மணி நேரம் ஆறவிட்டு, நட்டை இரண்டு சுற்று தளர்த்தி மெதுவாக வரலாம். கிளட்ச் என்றால் பின்னால் இருப்பவரைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, மேடு இல்லாத வழியாக வாருங்கள். தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் வளைவில் நிற்காமல் ஓரம் தள்ளி நிறுத்திவிட்டு, நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குப் போன் செய்யுங்கள்.