காலி செய்யச் சொன்னால் என்ன செய்வது? சென்னை வாடகைதாரர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய வீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழும் தெருக்களிலிருந்து வந்தவை. சொந்தக்காரருக்குப் புதிய ஃபிளாட் கிடைத்துவிடும். ஆற்றோரம் குடிசை போட்டவருக்கு நகர்ப்புற வாழ்விட வாரியத்தின் (பழைய குடிசை மாற்று வாரியம்) கணக்கில் ஒரு வரியாவது இருக்கும். வாடகைக்குக் குடியிருந்தவர் எங்கே போனார் என்று மட்டும் எந்தப் பதிவேடும் சொல்வதில்லை.

கேள்வி: மந்தைவெளியில் ஆறு போர்ஷன் உள்ள பழைய வீட்டில் பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறோம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார், நான் நான்கு வீடுகளில் வேலை செய்கிறேன். வீட்டை பில்டருக்குக் கொடுத்தாயிற்று, இரண்டு மாதத்தில் காலி செய்யுங்கள் என்கிறார்கள். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. எங்களுக்கு உரிமை ஏதும் உண்டா?

கொஞ்சம் உண்டு. ஆனால் இத்தனை வருடம் இருந்துவிட்டால் எளிதில் கிளப்ப முடியாது என்று யாராவது தெம்பு சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் தெம்பு 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தோடு போயிற்று. 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது அது. எழுதாமல் விட்டால் அதுவே வெளியேற்றுவதற்கு ஒரு காரணமாகிவிடுகிறது. எழுத மனமில்லாதவர் பெரும்பாலும் வீட்டுக்காரர். தெருவுக்கு வருகிறவர் குடியிருப்பவர். இந்தக் கோணல் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. இடித்துக் கட்டுவதும் சட்டம் ஏற்கும் காரணம்தான்.

ஆனாலும் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. மோட்டார் ஸ்விட்சுக்குப் பூட்டுப் போடுவது, பொதுக் கழிப்பறைக் கதவைக் கழற்றிவிடுவது போன்ற வித்தைகள் தொடங்கினால் அன்றைக்கே படம் எடுத்து வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மாத பாக்கி என்றால் வழக்கு அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும். கையில் வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பலம் காலம்தான். மனை காலியாகாத ஒவ்வொரு மாதமும் பில்டருக்கு வட்டி ஏறுகிறது. கட்டி முடிக்கும்வரை சொந்தக்காரரின் வாடகைச் செலவை பில்டரே ஏற்பது ஊர் வழக்கம். அந்தப் பேச்சுவார்த்தையில் உங்களுக்கும் இடம் கேளுங்கள். பிள்ளைகளின் பரீட்சை முடியும்வரை அவகாசம், சாவி கொடுக்கும் அன்றே முழு அட்வான்ஸ், சாமான் ஏற்றும் செலவு என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஆறு போர்ஷன்காரர்களும் சேர்ந்து போங்கள். தனித்தனியாகப் போனால் முதலில் கிளம்புகிறவருக்கு ஏதோ கொடுப்பார்கள், கடைசியில் நிற்பவருக்கு மிரட்டல்தான் மிஞ்சும்.

கேள்வி: வாடகை 9,000 ரூபாய். பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாதாமே?

மூன்று மாதம் என்றுதான் சட்டம் சொல்கிறது. வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய என்றும் அதிலேயே இருக்கிறது. அந்தச் சந்தில்தான் பத்து மாதம் நுழைகிறது. 90,000 ரூபாயை வட்டிக்குப் புரட்டினால் அந்த வட்டியையும் வாடகையோடு கூட்டிக் கணக்குப் பாருங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அது திரும்பி வர வேண்டும்.

கேள்வி: நான் வீட்டுக்காரன். எப்போதும் எங்களையே திட்டுகிறீர்கள். பக்கத்தில் மெட்ரோ நிலையம் வருகிறது, எதிர்வீட்டில் 12,000 ரூபாய் வாடகை 22,000 ஆகிவிட்டது. நான் மட்டும் ஏற்றக் கூடாதா?

தாராளமாக ஏற்றலாம். ஒப்பந்தக் காலம் முடிவதற்குள், அதில் எழுதாத உயர்வைக் கேட்கக் கூடாது. மூன்று மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். மற்றது என் அபிப்பிராயம். மெட்ரோவின் இரண்டாம் கட்டமாக 118.9 கி.மீ. நீளத்துக்குப் பொதுப் பணத்தில் போடும் பாதையால் உங்கள் வீட்டு மதிப்பு ஏறுகிறது. சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கொடுத்த உங்கள் தெரு இஸ்திரிக்காரரின் காசும் அந்தப் பாதையில் இருக்கிறது. முதல் ரயில் ஓடுவதற்குள் அவர் தாம்பரத்தைத் தாண்டியிருப்பார். ஒரேயடியாக இரட்டிப்பாக்காமல் படிப்படியாக ஏற்றினால் உங்கள் குடி முழுகிவிடாது.

கேள்வி: திருவல்லிக்கேணியில் கோயில் அடிமனையில் தாத்தா கட்டிய வீடு எங்களுடையது. அடிமனை வாடகையைப் பல மடங்கு உயர்த்தி நோட்டீஸ் வந்திருக்கிறது. 1921ஆம் வருட நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி மனையையே விலைக்குக் கேட்கலாம் என்கிறார் நண்பர்.

நண்பர் பாதிதான் படித்திருக்கிறார். அந்தச் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை உண்டு, ஆனால் 1996 திருத்தம் சமய நிறுவனங்களின் மனைகளை அதிலிருந்து விலக்கிவிட்டது. இப்போது அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஏ பிரிவுப்படி, சந்தை மதிப்பைப் பார்த்து நியாய வாடகை நிர்ணயிக்கிறார்கள். பக்கத்து மனையில் ஆடம்பர ஃபிளாட் வந்தால் உங்கள் ஓட்டு வீட்டின் அடிமனைக்கும் விலை ஏறிவிடும். உத்தரவு கைக்கு வந்த முப்பது நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். பாக்கி சேர விடாதீர்கள். மூன்று தலைமுறையாக இருந்தவரும் பாக்கி விழுந்தால் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுவார்.

கேள்வி: 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். வேலை செய்யும் வீடுகள் மயிலாப்பூரில். வாரிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துக்கொள்ளலாமா?

பலர் அப்படித்தான் செய்கிறார்கள், ஏன் என்றும் தெரியும். பெண்களுக்குச் சாதாரண நகரப் பஸ்ஸில் 2021 மே முதல் கட்டணம் கிடையாது. ஆனால் காலை ஆறரைக்கு மயிலாப்பூரில் வாசல் தெளிக்க வேண்டியவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது? லிப்ட் நின்றுபோன நாளில் ஏழாவது மாடிக்குக் குடத்தைத் தூக்குவது யார்?

இருந்தாலும் வாரிய வீட்டை வாடகைக்கு விட்டது தெரிந்தால் ஒதுக்கீடு ரத்தாகலாம். குடும்பத்தில் ஒருவராவது அங்கேயே தங்கியிருக்கட்டும், மின் கட்டண ரசீதுகள் உங்கள் கையில் இருக்கட்டும். நகரத்தில் அறை எடுத்தால் ஒப்பந்தம் எழுதிப் பதியச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரு தொகை தருகிறேன், பவர் எழுதிக் கொடுங்கள் என்று எந்தத் தரகர் வந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.