நெற்பூவை வரையும் மகளுக்கு மேனேஜ்மென்ட் சீட் எதற்கு?

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முதல் குரூப்பில் படிக்கும் தங்கள் மகள் எந்நேரமும் பூவும் பூச்சியுமாக வரைந்துகொண்டிருப்பதாகவும், வெளியூர் பொறியியல் கல்லூரி ஒன்றில் மேனேஜ்மென்ட் சீட் வாங்கிவிடுமாறு மைத்துனர் வற்புறுத்துவதாகவும், அதற்காகப் பாபநாசத்து நஞ்சையை அடமானம் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தங்கள் கவலை நியாயமானது. ஆனால், நிலத்தைத் தொடாதீர்கள். அவள் கேட்காத படிப்புக்காக வாங்கும் கடனை மைத்துனர் அடைக்கப்போவதில்லை.

தாங்கள் அனுப்பிய நெற்பூப் படத்தை நெடுநேரம் பார்த்தேன். ஆறு மகரந்தத்தாள்களும் இறகு போன்ற இரண்டு சூலகமுடிகளும் எண்ணிக்கை பிசகாமல் இருக்கின்றன. இது பொழுதுபோக்காக வரையும் கை அன்று.

ஓவிய ஆசிரியர் பணியும் சினிமாவும் எல்லோரும் அறிந்தவை. பாடநூல்களுக்கும் பள்ளிச் சுவர்ப்படங்களுக்கும் அறிவியல் படம் வரையும் தொழிலை நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. ஜெர்மனியில் யுங், கோஹ், குவென்டெல் ஆகியோர் உருவாக்கிய சுவர்ப்படங்களில் விலங்கும் தாவரமும் கறுப்புப் பின்னணியில் பெரிதாக எழுந்து நிற்கும். கடைசி பெஞ்சு மாணவனுக்கும் உறுப்புகள் பிரிந்து தெரியும். நம் தஞ்சையிலேயே இரண்டாம் சரபோஜி மன்னர் கண் நோயாளிகளின் கண்களை ஓவியமாக வரையச் செய்து மருத்துவக் குறிப்புகளுடன் சேர்த்துவைத்தார். இத்தொழிலில் அழகு மட்டும் போதாது. நெற்பயிரைத் தாக்கும் தண்டுதுளைப்பானின் பெண் அந்துப்பூச்சியை வரைபவர் முன்னிறகின் கரும்புள்ளியை விட்டுவிடக் கூடாது. முட்டைக் குவியலை இலை நுனியருகே காட்ட வேண்டும், ஏனெனில் நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடச் சொல்வதே அந்த முட்டைகளை அகற்றத்தான். எதைப் பெரிதாக்குவது, எதை விடுவது, பெயர்க்கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் எப்படி இழுப்பது என்பதெல்லாம் பழகிப் பெறவேண்டிய பயிற்சி.

தமிழ்நாட்டின் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இரண்டில் ஒன்று கும்பகோணத்தில் இருக்கிறது. நான்காண்டுப் பட்டப்படிப்பு, பாபநாசத்திலிருந்து பேருந்திலேயே போய்வரலாம், விடுதிச் செலவும் இல்லை. வருமானத்தைப் பற்றி மறைக்க விரும்பவில்லை: தொடக்கத்தில் படத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி கிடைக்கும், எல்லா மாதமும் ஒன்றுபோல் இராது. ஆகவே கணினியில் வரையவும் அவள் கற்றாக வேண்டும். ஆனால் விலையுயர்ந்த கருவிகளை இப்போதே வாங்க வேண்டாம்.

சேர்க்கையின்போது வரைதிறனைச் சோதிப்பார்கள். அதற்குள் தினமும் ஒரு செடியையாவது நேரில் பார்த்து வரையட்டும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அனுமதி கேட்டு ஒரு நாள் அழைத்துச் செல்லுங்கள். மைத்துனரிடம் பதில் சொல்லும் பொறுப்பை அவள்மீது போடாமல், தாங்களே சொல்லிவிடுங்கள்.